குழல்துறைச் சங்கிலியை அறுக்கும்படி விடுத்த ஓலை

நன்மை நிலைக்க. ஐம்பது நாடுகள் ஒரு கொடிக்கீழ் நிற்கும் மேலைப் பேரரசின் அறக்கலங்களுக்கு அமைச்சும், பேரவையில் மூன்றாம் இருக்கையும் உடைய பெருங்கோதை, தலைநகராம் பொன்மாடத்திலிருந்து, குழல்துறைத் துறைத்தலைவர் அழிசியாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறைக்குக் காற்று ஒத்து வீசுக. உம் கலங்களின் அடிமரம் பழுதின்றி நிற்க. உம் மூட்டைக்காரரும், கயிறு முறுக்குவோரும், உப்புக்காற்றில் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்டிரும் இரு வேளை உண்டு இனிதிருக்க. மூன்றாம் வேளையையும் சேர்த்து வாழ்த்தத்தான் ஆசை; பொய் வாழ்த்து எழுத இன்று கை வரவில்லை.

உம் ஓலை முந்தாநாள் வந்து சேர்ந்தது. மழை பொய்த்த வறுகோட்டு நாட்டுக்கென்று தானியம் ஏற்றிய மூன்று அறக்கலங்களும் நாற்பத்திரண்டு நாளாக உம் துறையிலேயே கட்டுண்டு கிடக்கின்றன என்றும், அடித்தட்டு மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது என்றும், வரும் முழுநிலா நாளுக்குள் மூட்டைகளை இறக்கிக் கரையிலேயே எரித்துவிடும்படி அரண்மனையிலிருந்து ஆணை வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தீர். அதே ஓலையின் கடைசி வரியில், நாவல்தீவின் மேல் எரிகுடம் வீசச் சென்ற ஐந்து போர்க்கலங்களுக்குத் துறைவாயை அடைத்து நிற்கும் சங்கிலி இறங்க அரை நாழிகையும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர். அந்த வரியில் உம் எழுத்தாணி ஓலையைக் கிழித்திருக்கிறது. படித்தது முதல் என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முழுநிலாவுக்கு இன்னும் மூன்று நாளே.

அந்த ஓலையைக் கொண்டுவந்தவள் உம் மூட்டைக்காரர் தலைவி வெண்ணி. முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி தானியத்தை என் முன்னே கொட்டினாள், வண்டு ஊர்ந்தது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அம்மா, நாங்க ஏத்துன மூட்டைய நாங்களே எறக்கி எரிக்கணுமாம். சலிச்சா முக்காவாசி தேறும். அது எங்க ஊருக்குப் போற சோறும்மா. எங்க அக்கா வீட்டுல ஆறு பேரு. ஒருத்தன் கையால நெருப்பு வைக்கச் சொல்றீங்களே, அவன் அந்த ஊர்க்காரனா இருந்தா என்ன பண்ணுவான்?" வறுகோட்டிலிருந்து இருபதாண்டுக்கு முன் வந்தவள் அவள்; உம் மூட்டைக்காரரில் பாதிப்பேர் அப்படி வந்தவர்களே என்பது உமக்குத் தெரியும். நாளைக் கொலுவில் கேட்கிறேன், அதுவரை இங்கே தங்கு என்றேன்.

நேற்றுக் காலைக் கொலுவில் எழுந்து கேட்டேன். நம் வீட்டு உலை முதலில் கொதிக்க வேண்டும் என்று பேரரசர் திருவாய் மலர்ந்தருளினார். அவ்வாறாயின் அம்மூன்று கலத்துத் தானியத்தில் நம் வீட்டு உலைக்கு எத்தனை மூட்டை போகிறது, எரிப்பது யார் வீட்டு உலைக்கு என்று கேட்டேன். களஞ்சிய அதிகாரி அடுத்த ஓலையைப் பிரித்தார். அடுத்து வாசித்த ஆணை, நாட்டுப்புறத்து மருத்துவச் சாலைகள் நூற்றுப்பத்தை மூடுவது. அதற்கடுத்தது, பெருவணிகர் எழுவருக்கு வரி நீக்குவது. அந்த எழுவரும் அமைச்சர்களைவிட அரியணைக்கு அருகில் நின்றார்கள். நம் உலை கொதித்த அழகு இதுவே.

நாவல்தீவுக்குப் போர்க்கலம் ஏன் என்று பிறகு கேட்டேன். அங்கிருந்து நஞ்சு கடத்தும் படகுகள் வருகின்றன என்றார்கள். படகில் இருந்தவரைப் பிடித்து விசாரித்ததுண்டா என்றேன். மூழ்கிய படகில் யாரை விசாரிப்பது என்று படைத்தலைவர் சொல்ல, கொலுவே சிரித்தது. பேரவையின் ஒப்புதல் பெற்றதுண்டா என்றேன். சாவி நம்மிடம் இருக்கையில் பேரவை எதற்கு என்று பேரரசர் அருளினார். அப்போதும் சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், அழிசியாரே, அந்தச் சாவியை அவர் கைக்குக் கொடுத்தவள் நான்.

நீர் அப்போது தென்துறையில் இருந்தீர். உமக்கு முழுதும் தெரியாது. குழல்துறைச் சங்கிலிக்கு முன்னாளில் பூட்டு ஐந்து. சாவி ஐந்தும் பேரவை மூத்தோர் ஐவர் இடுப்பில் தொங்கும். சோற்றுக் கலமாயினும் போர்க்கலமாயினும், ஐவரும் நேரில் வந்து ஐந்து பூட்டையும் திறந்தாலன்றிச் சங்கிலி இறங்காது. பன்னிரண்டாண்டுக்கு முன் வறுகோட்டில் இதே போலப் பஞ்சம். நால்வர் வந்துவிட்டார்கள்; ஐந்தாமவர் பேத்தி மணவிருந்தில் இருந்தார். விருந்து ஒன்பது நாள். கலம் ஒன்பது நாள் நின்றது. அங்கே ஒரு மலையூரில் பெயர் சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று. நான் கொதித்துப் பேரவையில் எழுந்து, ஐந்து சாவி எதற்கு, நம் அரசர் நல்லவர், ஒரு சாவியை அவரிடம் கொடுங்கள் என்று பேசினேன். அன்றிருந்த அரசர் நல்லவர்தாம். எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து பூட்டையும் உருக்கி ஒற்றைப் பூட்டாக்கினோம். நல்லவருக்குப் பின் யார் வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பசித்தவனுக்காகச் செய்த சட்டம் இன்று பசித்தவன் சோற்றை எரிக்கிறது. கேட்பாரின்றிப் போருக்கும் வாயிலைத் திறக்கிறது.

கொலு கலைந்ததும் மூத்தோர் வீடுகளுக்குப் போனேன். ஐவரில் மூவரே இருக்கின்றனர். பேரவையில் நம் பக்கம் என்று நாம் நம்பியிருப்பவர்கள் இவர்கள். ஒருவர் வாயிற்கதவைத் திறக்கவில்லை. இன்னொருவர் கண் கலங்கி, கடுமையாக ஒரு கண்டன ஓலை எழுதுவோம் என்று எழுத்தாணியை எடுத்தார், எடுத்தவர், "வருத்தம்னு போடலாமா, ஆழ்ந்த வருத்தம்னு போடலாமா?" என்று என்னிடமே கேட்டார். மூன்றாமவர், "அம்மா கோதை, குடவோலை நாள் ரெண்டு வருஷத்துல வந்துடுது. அதுவரைக்கும் நாம வாயத் தொறக்காம இருந்தா, அவங்க பண்ற கூத்துக்கு ஜனங்க நம்மளத்தான் தேர்ந்தெடுப்பாங்க" என்றார். வறுகோட்டில் இரண்டாண்டு எவர் இருப்பார்கள், அண்ணா என்றேன். மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

வீடு திரும்பினேன், வெண்ணி இல்லை. கீழைவாயிற் சந்தையில் அவளுக்குக் கஞ்சி ஊற்றிய வளையற்காரி ஓடிவந்து நடந்ததைச் சொன்னாள். முகத்தைத் துணியால் மூடிய வீரர் நால்வர் வந்தனராம். "பேச்சே வேற மாதிரி இருக்கே, எந்த ஊரு நீ?" என்று கேட்டனராம். "இருபது வருஷமா ஒங்க மூட்டையத் தூக்கித் தூக்கி நாக்கும் கோணிப்போச்சுய்யா" என்று இவள் சொல்லவும் சந்தையே சிரித்ததாம். குடியுரிமை ஓலையை எடுத்து நீட்டினாளாம். அதைப் பிரித்தும் பாராமல் இடைக்கச்சையில் செருகிக்கொண்டு, இவளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிடித்தவர்களை அடைத்துவைக்கும் ஆற்றங்கரைக் கொட்டடிக்கு நான் போனேன். அப்படியொரு பெயரே பட்டியலில் இல்லை என்றார் காவலர். மதிலுக்கு அப்பால் எத்தனையோ குரல்கள். எது அவள் குரலென்று தெரியவில்லை. வெண்ணியின் கணவருக்கு இதை நீரே நேரில் போய்ச் சொல்லுக. பிறர் வாயால் அவர் கேட்கலாகாது. அவளை விட்டுவிட்டு நான் உண்ணப் போவதில்லை என்பதையும் சொல்லுக.

இனி ஆணை.

இவ்வோலை உச்சிப்பொழுதில் உம் கைக்கு வரும். இன்று மாலை கடல் ஓதம் ஏறும்போது, கொல்லரை அழைத்துத் துறைச் சங்கிலியை நட்ட நடுவில் அறுக்க. திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டா. ஊரார் கரையில் நின்று பார்க்கச் செய்க. மூன்று அறக்கலங்களும் அவ்வோதத்திலேயே வறுகோட்டுக்குச் செல்க. அடித்தட்டுத் தானியத்தைச் சலிக்க ஆட்களையும் உடன் ஏற்றுக. போகும் வழியெல்லாம் சலிக்கட்டும். சாவியோடு நிற்கும் அரண்மனை அதிகாரியைத் தொட வேண்டா. அவரும் ஒருவரிடம் கூலிக்கு நிற்பவர். நிழலில் அமர்த்தி மோர் கொடுங்கள். உம் பிள்ளைகள் அவரைக் கேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சாவியை இடுப்பில் வைத்தால் வேட்டி அவிழும் என்று பாடிக் காட்டினார்களாமே, அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கலங்கள் கண்ணுக்கு மறைந்தபின் சங்கிலியை அப்படியே விட்டுவிடாதீர். விட்டால் அடுத்த போர்க்கலம் கேள்வியின்றிப் போகும். அறுந்த இடத்தில் ஐந்து பூட்டு மாட்டுக. சாவிகளை இம்முறை மூத்தோரிடம் கொடுக்க வேண்டா. மூட்டைக்காரருக்கு ஒன்று, மீனவருக்கு ஒன்று, கயிற்றுக்காரருக்கு ஒன்று, கலமேறிப் போன வீரரின் தாய்மாருக்கு ஒன்று. ஐந்தாவதை வெண்ணிக்கென்று வைத்திருக்க. சோற்றுக் கலமாயின் அவளுக்காக அவள் கணவர் திறக்கட்டும்; அவள் வரும்வரை ஒரு போர்க்கலமும் போகாது. போக வேண்டுமென்பவர் முதலில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

சங்கிலியைத் தொட்டவன் உயிர் அரசருக்கு என்பது சட்டம். அச்சட்டத்தின் கீழும் என் கையெழுத்து உண்டு. ஆகையால் இது அழிசியார் கேட்டுச் செய்ததன்று, துறையார் கூடிச் செய்ததுமன்று. அமைச்சு பெருங்கோதை ஆணையிட்டாள், துறை கீழ்ப்படிந்தது. யார் கேட்டாலும் இவ்வோலையைக் காட்டுக. எரித்துவிடாதீர். தம்பி, நீர் எனக்காக இரக்கப்பட்டு எரித்துவிடுவீர் என்றுதான் இதை இரண்டு முறை எழுதுகிறேன்: எரித்துவிடாதீர். கரையில் நின்று உரக்கப் படியும். எழுத்தறியாத என் மக்களுக்கு விளங்கும்படி நிறுத்திப் படியும்.

நாளை உச்சிப்பொழுதில் பேரவையில் எழுந்து, நான் செய்ததையும், பன்னிரண்டாண்டுக்கு முன் செய்ததையும் என் வாயாலேயே சொல்லப் போகிறேன். அதுவரை என் முத்திரை செல்லும். அதற்குமேல் செல்லாது. ஓதம் இன்று மாலை.

அறக்கலத்து அமைச்சின் முத்திரை இட்டேன். கலம் செல்க.