திரையில் ஒரு பெரட்டு

மேற்பிரிவு,
பொகவந்தலாவை.
10 ஓகஸ்ட் 2025

பேரன்பிற்குரிய அண்ணன் அழகுமுத்து அவர்களுக்கு,

தங்கை வினோதா வணக்கத்துடன் வரைவது. அம்மா நலம், விடாத மழையிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்வருகிறார். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் "சரி சரி" என்று துண்டித்துவிடுவதால், இச்செய்தியை மின்னஞ்சலில் முறைப்படி அறிவிக்கிறேன்: என் கருவி நிறைவு பெற்றது.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, ஏவிய வேலையைத் தானே பகுத்துச் செய்து முடிக்கும் மென்பொருள். தங்கள் பதிப்பகத்துச் சிறுவர் நூல் ஒன்றுக்கு நாற்பது படங்கள் தேவையென்றால், அது படம் வரையும் மென்பொருளிடம் ஒன்றைக் கேட்டு, வரும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைக் கேட்கிறது. மலையில் ஒருத்தி பறித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கைகட்டி நிற்பதுண்டா? ஆளுக்கொரு நிரை பிடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் அல்லவா ஏறுகிறோம்! ஓ.எல். பரீட்சை முடித்து மூன்று ஆண்டுகள் நானும் அவ்வாறு ஏறியவள். என் கருவியும் நாற்பது படங்களை நாற்பது நிரைகளாக்கி, ஒரே வேளையில் வரையச் செய்கிறது.

முதல் முயற்சி பிழையாயிற்று. கதையில் வரும் சிறுமிக்குப் பக்கத்துக்கொரு முகம். நம் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவின் அம்மாக்கண்ணு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, இந்தப் புள்ள பக்கத்துக்கு ஒரு வூட்டுலயா பொறந்திருக்கு?" என்று கேட்டார். லயமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள்தான் புலப்பட்டது: ஆட்களை நேரே நிரைக்கு அனுப்பிவிட்டேன், பெரட்டு வைக்கவில்லை! காலையில் எல்லோரையும் ஒரு களத்தில் கூட்டி, இன்று எந்த மலை, எப்படிப் பறிப்பது என்று சொல்லாமல் விட்டால் ஆளுக்கொரு விதமாகத்தானே பறிப்பார்கள்? ஆகவே ஒரு படியைச் சேர்த்தேன். சிறுமியின் முகம், சட்டை, பின்னல் அனைத்தையும் எல்லா நிரைகளுக்கும் ஒன்றாகக் காட்டிய பின்பே வேலை தொடங்கும். இப்போது நாற்பது பக்கங்களிலும் ஒரே பிள்ளை.

திரையில் அப்படிகளின் பெயர்கள்: பெரட்டு, நிரை, மடுவம். பறித்த கொழுந்து நிறுவைக்கு மடுவம் வந்து சேர்வதுபோல் முடிந்த படங்கள் அங்கே வந்து சேரும்.

தங்கள் பதிப்பகத்தில் இதைக் காட்டுவதற்கு என் அனுமதி உண்டு.

தங்கள் அன்புத் தங்கை,
வினோதா


வெள்ளவத்தை,
13 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்தால் எனக்கு யாரோ பொன்னாடை போர்த்துவது போல இருக்கிறது. கருவியை ஓட்டிப் பார்த்தேன். நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு புத்தகத்துக்கான படமெல்லாம் வந்து நிற்கிறது! முகாமையாளர், வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் காட்டச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு விஷயம். அந்தப் பெயர்கள். பெரட்டு, மடுவம் எல்லாம் இங்கே சுவர்த் திரையில் பெரிய எழுத்தில் தெரியும். நம்முடையது ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம் என்றுதான் நான் இங்கே சொல்லியிருக்கிறேன். அது உனக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒருவன் இன்னொருவனைத் தோட்டக்காட்டான் என்று இளக்காரமாகச் சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கே நான் கடைக்காரனாகிவிட்டேன்.

ஆங்கிலத்தில் மூன்று சொற்களைப் போட்டுவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நீ சிரமப்பட வேண்டாம், நானே மாற்றிக்கொள்கிறேன். சரியென்று மட்டும் சொல். கோவிச்சுக்காதம்மா.

உன் அண்ணன்,
அழகுமுத்து


மேற்பிரிவு,
பொகவந்தலாவை.
14 ஓகஸ்ட் 2025

பேரன்பிற்குரிய அண்ணா,

சரியென்று சொல்ல இயலவில்லை.

பெரட்டு என்பது அழகுக்காக ஒட்டிய பெயரன்று. அந்தக் களத்தில் குளிரில் நின்றவள் என்பதால்தான் பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது. வேறொருவர் வேறு வழியில் கண்டிருக்கலாம். நான் கண்ட வழி இது. தாமே கற்றுத் தாமே கட்டியதற்குப் பெயரிடும் உரிமையை எவரும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

கடவுச்சொல் தங்களிடம் உள்ளது. மாற்றத் தங்களால் இயலும், நான் தடுக்கப்போவதில்லை. ஆயின் அவ்வாறு மாற்றினால், 'ஆக்கியவர்' என்ற இடத்திலிருந்து என் பெயரையும் அகற்றிவிடுங்கள். ஹட்டன் கடைக்காரர் வீட்டில் வினோதா என்றொரு பெண் இல்லை.

அம்மாவிடம் இவற்றைக் கூறவில்லை. நாளை அண்ணன் ஆபீசில் என் வேலையைக் காட்டுகிறார் என்று மட்டும் சொன்னேன். "அப்ப ரெண்டு புள்ளைகளும் ஒண்ணா நிக்கிற மாதிரிதானே," என்று கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தங்கள் தங்கை,
வினோதா


வெள்ளவத்தை,
15 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆங்கிலப் பெயர்களைத் தட்டி வைத்திருந்தேன். படித்த பிறகு, உன் பெயரை அழிக்க வேண்டிய இடத்துக்கு வந்தேன். கை வரவில்லை. எல்லாவற்றையும் நீ வைத்தபடியே வைத்துவிட்டேன்.

இன்று திரையில் பெரட்டு என்று வந்ததும் முகாமையாளர், "இது என்ன சொல், அழகுமுத்து?" என்றார்.

"எங்க தோட்டத்துச் சொல்லு சார். பொகவந்தலாவை. எங்கம்மா தெனமும் காலையில பெரட்டுக்களத்துலதான் போய் நிப்பாங்க. இதைச் செஞ்சது என் தங்கச்சி வினோதா," என்றேன். ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

பின்னால் யாரோ, "அப்ப ஹட்டன் கடை?" என்றார்கள்.

"கடையில்லங்க. லயம்."

அதற்குள் படங்கள் மடுவத்தில் வந்து குவியத் தொடங்கிவிட்டன. அப்புறம் என்னை யாரும் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்கள். கைதட்டினார்கள், வினோதா! திங்கட்கிழமை முகாமையாளர் உன்னோடு நேரே பேசுவார். ஒப்பந்தம் உன் பெயருக்குத்தான். தயவுசெய்து அவரை வாக்கியத்தின் நடுவில் மூச்சுவிட விடு.

இன்னொன்றும் நடந்தது. கணக்குப் பிரிவில் பழனியாண்டி என்று ஒருவர் இருக்கிறார், கண்டி டவுன்காரர். நாலு வருஷமாக இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். இன்று சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்து மேசை காலியானதும் குனிந்தபடியே மெல்லக் கேட்டார்:

"எந்த டிவிசன்?"

தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று கண்டி டவுனில் பிறந்தவர் அப்படிக் கேட்கமாட்டார், தங்கச்சி.

"மேல் டிவிசன்," என்றேன். "நீங்க?"

உன் அண்ணன்,
அழகுமுத்து