மறைப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தவன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? நான் நலம். கோபம்தான் ஆறவில்லை.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் மகனுக்கு நான் பாஸ் போட்டுவிடுவேன் என்று யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள்? மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டத் தெரியுமா என்றுதான் நான் சோதிக்கிறேன். விமானத்துக்கு வெளியே எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியாதபடி நெற்றியில் மறைப்பை மாட்டினேன். தரையிறங்க நெருங்கியபோது தலையைத் தூக்கி, மறைப்புக்கு அடியில் ஓடுதளத்தை எட்டிப் பார்த்தான். ஏன் என்றேன்.

"அதான் உங்க அப்பா பேசிட்டாகள்லக்கா" என்று சிரித்தான்.

ஃபெயில் போட்டேன். கொண்டுவந்த ஏலக்காயையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் பருப்புப்பொடி அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை.

ஐப்பசி மழையில் அவன் ஓட்டும் விமானத்தில் அம்மாவை ஏற்றி அனுப்புவீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது.

அனுசுயா