நாலாவது வீட்டுக் கலவை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. உமிச்சாம்பல் கலந்த காங்கிரீட் தோற்றுவிட்டது, சித்தப்பா வீட்டுக் கூரை பறந்ததற்கு உன் கணக்குதான் காரணம் என்று ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடப் போவதாகச் சொல்கிறாய். அவசரப்படாதே அம்மா. முதலில் இதைப் படி.

நம் தெருவில் உன் கலவையில் நான்கு வீட்டுச் சுவர்களின் தலையில் சுற்றிலும் காங்கிரீட் பெல்ட் போட்டேன். கூரைத் தகரத்தைப் பிடிக்கும் போல்ட்டெல்லாம் அதில்தான் நிற்கின்றன. அன்றைக்கு அடித்த பேய்க்காற்றில் மூன்று கூரைகள் அசையவே இல்லை. தையல்காரம்மா வீட்டில் ஒரு ஜன்னல் போனது, அவ்வளவுதான். நாலாவது உன் சித்தப்பா வீடு. அங்கே போல்ட்டுகள் ஆட்டம் கண்ட பல் போலப் பிடுங்கிக்கொண்டு வந்தன. தகரம் பறந்தது, சுவர் அவன் இடுப்பில் விழுந்தது. இனி நடக்க மாட்டான் என்று நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வெள்ளையாக எரிந்த சாம்பல் மட்டும்தான், கறுப்பு கூடவே கூடாது என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். மூன்று வீட்டுக்கு அப்படியே செய்தேன். நாலாவதுக்கு வரும்போது அரிசி ஆலையில் வெள்ளை தீர்ந்துவிட்டது. பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள். காற்றுக்காலம் வந்துவிடுமே என்று நான் பொறுக்கவில்லை. முப்பது வருஷக் கொத்தனாருக்கு நேற்றுப் பிறந்தவள் சாம்பலின் நிறம் சொல்லித் தருவதா என்ற மண்டைக்கனமும் இருந்தது, மறைப்பானேன். பாதி கருகிய உமியை அள்ளிப் போட்டேன். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கூடினால் காங்கிரீட்டில் பிடிப்பு இருக்காது, தப்பு என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு குடம் ஊற்றினேன்.

இதைச் சொல்லிவிடத்தான் மருத்துவமனைக்குப் போனேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணே, உன் வேலையில குத்தம் இருக்காது, பாப்பா கணக்குலதான் எங்கயோ பிசகியிருக்கும், சின்னப் புள்ள, அவளத் திட்டிராத என்றான். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

போய்வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. அம்மாவிடமும் சொல்லவில்லை. கரணையைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி எந்தச் சுவரிலும் கை வைக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் அதிகாரியிடம் காட்டு. பிறகு சித்தப்பாவுக்கு அனுப்பிவிடு. நானே கொண்டுபோனால் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பெற்றவன் ஆசி என்று முடிப்பதுதான் வழக்கம். இந்தத் தடவை உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அனுப்பிவிடு.

அப்பா