நின்று திரும்பும் நொதி

கேலிஸ்டோ ஆய்வு நிலையம்
நாள் 211, 08:00

நிலையம் சீராக இயங்குகிறது. இதைக் கண்டெடுப்பவர் அறிக: நான் தில்லைநாயகி, எக்கல்லூரியிலும் பயிலாது கணிதம் கற்றவள். மரபணுவைப் படியெடுக்கும் நொதி, பிழையான எழுத்தைச் சேர்த்துவிட்டால் நிற்கும், பின்வாங்கும், பிழைபட்ட நுனியை வெட்டியெறிந்து மீண்டும் எழுதும். அந்த நிறுத்தத்திற்குச் சமன்பாடு யாத்தவள் நான். அதன்படி உருவான, கதிர்வீச்சிலிருந்து காக்கும் மருந்தை இன்று முதலில் நானே செலுத்திக்கொண்டேன். இங்கு வந்துகொண்டிருக்கும் கப்பலின் முப்பது பேரும் என் நலம் அறிந்த பின்னரே செலுத்திக்கொள்வர்.

நாள் 216, 11:20

விரல்கள் நடுங்குகின்றன. என் குருதியில் உருத்திரிந்த புரதங்கள்; என் கணக்கு இசையும் அளவினும் நூறு மடங்கு. சமன்பாட்டை ஒருவர் சொல்ல, மற்றவர் உறுப்புறுப்பாகத் திருப்பிச் சொல்வதே எங்கள் ஒழுங்கு. செய்தி போய்வர நேரமாகிறதென்று பூமியிலுள்ள என் கூட்டாய்வாளர் அருளப்பன் சென்றமுறை அதைத் தவிர்த்தார். இணங்கினேன். இன்று திருப்பிச் சொல்லுமாறு பணித்தேன்.

நாள் 216, 13:05

அருளப்பனின் மறுமொழி:
“அக்கா, கோவப்படாதீங்க. அந்த நிறுத்தத்த நாந்தான் எடுத்தேன். அது இருந்தா மருந்து வேல செய்ய மாசக்கணக்காகும். நீங்க புள்ளி வைக்கவே முகூர்த்தம் பாக்குற ஆளு. கூடவே ஒங்க பேரையும் எடுக்கவேண்டியதாப் போச்சு. பட்டம் இல்லாதவங்க பேரு இருந்தா அனுமதி தரமாட்டாங்கக்கா.”

என் பெயரை நீக்கியதைப் பொறுப்பேன். நொதியின் நிறுத்தத்தை நீக்கியதைப் பொறேன். கப்பலை நேரடியாக எச்சரித்துள்ளேன்.

நாள் 217, 06:40

கப்பல் தலைவி ரெஜினாவின் மறுமொழி:
“என்னக்கா இப்படிச் சொல்றீங்க? நீங்க நல்லா இருக்கீங்கன்னு அருளப்பன் சார் அஞ்சு நாள் முன்னாடியே சொல்லிட்டாரு. அன்னிக்கே எல்லாரும் போட்டுக்கிட்டோம். எனக்கு மட்டும் கை லேசா நடுங்குது. அது ஒண்ணுமில்லதானே?”

ஐந்து நாள் முன்பு அவர் என் நலம் வினவவே இல்லை.

நாள் 2…

ரெஜினாவுக்கு விடை எழுத அமர்ந்தேன். முதற்சொல்லுக்கு மேல் கை செல்லவில்லை. ஆகவே சமன்பாட்டை உரக்கச் சொல்கிறேன்; குறிப்பேடு என் குரலை எழுதுகிறது. திருப்பிச் சொல்ல எவருமில்லை.

நொதி நிற்கும். பின்வாங்கும். வெட்டும். மீண்டும் எழுதும்.
நிற்கும். பின்வாங்கும். எழுதும்.
எழுதும். எழுதும். எழு