ஜே என்றால் ஜெயசீலன்

அக்டோபர் 22, திங்கள்

விடியும் முன்பே மழை. மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் முழங்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் சிரித்தார். சிரிக்கட்டும்.

பழைய கதை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. நாளை மதியம் புதுசு ஆரம்பிக்க வேண்டும். மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் எங்கள் பெஞ்சில் ரேடியோ ரிப்பேரான நாளிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஒரு துண்டு கருவாடு, ஒரு கரண்டி வத்தக்குழம்பு, அவ்வளவுதான்.

கதைக்குப் பஞ்சமில்லை. பெயருக்குத்தான் பஞ்சம். யோசித்தவை:

இந்திரா. கூடாது. எங்கள் பெஞ்சு ராணியக்காவின் நாத்தனார் பெயர். "அவ பேரா கதாநாயகிக்கு? த்தூ" என்பாள்.

முருகேசன், வில்லனுக்கு. கூடாது. தேவியின் மாமனார். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் விஷயம் வீடு வரை போகும்.

குமார். கூடவே கூடாது. பெஞ்சில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் பெயர் குமார். அதை வாயால் சொல்ல மாட்டார்கள். போன கதையில் "அந்த அவரு, அந்த அவரு" என்றே பேசிப் பேசி, ஒரு நாள் லீவு போட்டு வந்தவளுக்கு யார் யாரைக் கட்டினார்கள் என்றே புரியவில்லை.

இரவு இவரிடம் புலம்பினேன். "எம்பேர வெச்சிக்க. வில்லன்னா வெயிட்டு" என்றார். உங்கள் பெயரை நான் எப்படிச் சொல்வது என்றேன். "சொல்ல முடியாதுன்னா யாரும் திட்டவும் முடியாது பாரு." பாடி பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிற மனுஷனுக்கு வாய் மட்டும் வக்கீல் வாய்.

கதாநாயகி: மெர்சி. யார் வீட்டிலும் மெர்சி இல்லை. விசாரித்துவிட்டேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

தூறல். கொடியில் துணி காயவில்லை, ஈரப் பாவாடையோடு வேலைக்கு.

மெர்சி பிறந்தாள். இன்னும் அழக்கூட இல்லை, அதற்குள் ராணியக்கா: "இன்னா ஆளுங்க?"

"கிறிஸ்டியன் ஆளுங்கக்கா."

"அத்த கேக்கலடி. அதுக்குள்ள இன்னா?"

"மெர்சியோட ஆளுங்க" என்றேன். எரிச்சலாக வந்தது. குழம்பு ஊற்றுகிறாளே என்று மேலே பேசவில்லை.

அப்பா யார் என்று தீர்மானிக்கும்போது ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். எப்போதும் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸுக்குள் பார்த்துக்கொண்டே கேட்கிறவள். "அக்கா, அப்பா பேரு ஜே-ல வர்ற மாதிரி வைங்க்கா."

எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பூந்தமல்லிப் பக்கம் கன்னியாஸ்திரிகளின் இல்லத்தில் வளர்ந்தவள். பெற்றவர் யாரென்று அவளுக்கும் தெரியாது, சிஸ்டர்களுக்கும் தெரியாது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இனிஷியல் ஜே. புனித ஜோசப்பின் ஜே. இப்போது இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். தன் பெயரை எழுதும்போது ஜே-யை மட்டும் சின்னதாக எழுதுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஜெயசீலன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. போகட்டும், அவளுக்கென்று நான் வேறென்ன செய்துவிட்டேன்.

அக்டோபர் 25, வியாழன்

வெயில்! தலையணை எல்லாம் மாடியில்.

மெர்சியின் அப்பா, குறிப்புக்கு:
ஜெயசீலன். ஆவடி பாக்டரியில் மெஷின் பிட்டர். குவார்ட்டர்ஸ் வீடு. மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகள்.
சைக்கிளில் வேலைக்குப் போவார். சுத்தியல் பட்டு இடது கட்டை விரல் நகம் கறுப்பு.
கோபம் வந்தால் பேச மாட்டார், ஷூவுக்கு பாலிஷ் போடுவார்.
குடி இல்லை. (பெஞ்சில் யாரும் நம்பவில்லை.)

பாதி என் யோசனை. மீதி ஸ்டெல்லா கேட்டுக் கேட்டு வந்தது. ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றுகூடக் கேட்கிறாள். நான் என்ன, பக்கத்திலிருந்து பார்த்தேனா? சுவர்ப் பக்கம் என்று சொல்லி வைத்தேன்.

ரா.அக்காவுக்குப் பொறுமை இல்லை. "மூணு நாளா அந்தாளு சைக்கிள் தொடச்சிகினு கீறாரு. யாரனா ஒர்த்தர சாவடிடி, வசந்தா. அழுது நாளாச்சி."

அவள் சொல்வதும் நியாயம். அழ வைக்காத கதைக்குக் கருவாடு வராது. ஜெயசீலனைத்தான் கொல்ல வேண்டும். அடுத்த வாரம். மெஷினிலா, மாரடைப்பிலா?

அக்டோபர் 27, சனி

அரை நாள் வேலை. ஸ்டெல்லா என்னோடு நடந்தே வீடு வரை வந்தாள். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தாள். விஷயம் இதுதான்:

பாடியில் சேவியர் என்று ஒரு பையன், வெல்டர். மாதா கோயிலில் இவளைப் பார்த்துப் பிடித்துப்போயிற்றாம். அவன் அம்மா லூர்தம்மாள் போன வாரக் கடைசியில் ஹாஸ்டலுக்கே வந்து பேசியிருக்கிறார். இந்த வியாழன் சாயங்காலம் மறுபடியும் வந்திருக்கிறார். முகம் பார்த்தார், கை பார்த்தார், பிடித்துவிட்டது. கடைசியில், "ஜே-ன்னா அப்பா பேரு இன்னாம்மா?"

"ஜெயசீலன்னு சொல்லிட்டேங்க்கா."

"அப்புறம்?"

"ஆவடில பிட்டரா இருந்தாரு, செத்துட்டாருன்னு சொன்னேன். அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. அதுக்கு மேல எனக்கு நிறுத்தத் தெரியலக்கா. சைக்கிள், நகம், எல்லாம் சொல்லிட்டேன்."

பாலிஷ் போடுவதையுமா என்றேன். அதையும்.

திட்டினேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இவர் சொல்கிறார்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கண்ணாலம் பண்ணுன்னு சொல்லிக்கீறாங்க. இது ஒண்ணுதான?"

நவம்பர் 1, வியாழன்

மறுபடி மழை. கூரையில் ஒழுகும் இடத்தில் அண்டா.

நாலைந்து நாளாக ஒரே கவலை. லூர்தம்மாளின் தம்பி ஆவடி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாராம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். நான் பொருந்தச் சொன்னதுதான் வினை. ஜெயசீலனை விழுப்புரத்தில் வைத்திருந்தால் யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? ஆவடியில் எந்த வீட்டில் யார் இருந்தார் என்று ஒருவர் விடாமல் சொல்வார்கள். தம்பி ஒரு வார்த்தை கேட்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும்.

உண்மையைச் சொல்லிவிடு என்றேன். "சொன்னா விட்டுடுவாங்கக்கா" என்றாள். நாலு இடம் பார்த்தவளுக்குத் தெரியாததா?

கதையில் இன்னும் ஜெயசீலன் சாகவில்லை. மனசு வரவில்லை. மெர்சிக்கு ஜுரம் என்று ஒப்பேற்றுகிறேன். ரா.அக்கா கருவாட்டை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 3, சனி

ஸ்டெல்லா அழுது வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்தாள். பாத்ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். லூர்தம்மாள் இவளையும் கூட்டிப் போயிருக்கிறார். தன் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். பக்கத்தில் இன்னொரு மெழுகுவத்தி. "இது உங்கப்பாவுக்கு. ஆவடி வரிக்கும் இந்த மழையில போவ முடியாது. இங்கியே கொளுத்துவோம்."

பிறகு பூசை. செத்தவர்கள் பெயரை ஃபாதர் வரிசையாக வாசிக்கிறார். நடுவில், ஜெயசீலன். லூர்தம்மாள் காணிக்கை போட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்.

"இல்லாத ஆளுக்கு ஃபாதர் பூச வெச்சிட்டாருக்கா" என்கிறாள். "எல்லாரும் ஆமென் சொன்னாங்கக்கா."

கருவாட்டுக்காக நான் செய்த மனுஷன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக: "பேரக் கேட்டதும் எனக்கு நெஜமாவே அழுக வந்திச்சிக்கா. எங்கப்பா செத்த மாதிரியே."

இனி முடியாது, நாளைக்கே சொல்லிவிடப் போகிறேன் என்றாள். நான் வர வேண்டுமா என்று கேட்டேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 4, ஞாயிறு

மழை இல்லை. மூட்டம்.

சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினேன். அவளுடைய சாமியையும் சேர்த்துக் கும்பிட்டேன், யார் கேட்டாலும் சரி. இவர், "கத உன்னுது. நீதான் போணும்" என்று பஸ் வரை வந்து ஏற்றிவிட்டார்.

பாடி. ஒற்றை அறை, பின்னால் அடுப்படி. லூர்தம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், பெரிய குரல். உட்காரச் சொல்வதற்குள் ஸ்டெல்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இல்லம், ஜே, என் கதை, நகம், சைக்கிள். மூச்சே விடவில்லை.

லூர்தம்மாள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். "நீதான் அந்தாள உண்டாக்குனவளா?"

"ஆமாங்க. தப்பு என்னுதுதான்."

"மெழுகுவத்தி கொளுத்துனேனேடி! ஃபாதர் கையில பேர் குடுத்தேனே! அந்தாளு நகத்த நெனச்சி நெனச்சி ராத்திரி பூரா எனுக்கு தூக்கமில்ல!"

நாங்கள் இரண்டு பேரும் தலை குனிந்து நின்றோம். மீன் கருகும் வாசனை. அவர் அடுப்புப் பக்கம் போய்த் திருப்பிப் போட்டார், ஒவ்வொன்றாக. முதுகைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இப்போது போகச் சொல்வார், இவளைத் தூக்கி நிறுத்த என்னால் ஆகுமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பாமலே பேசினார்.

"உன்ன பெத்தவன்னு ஒர்த்தன் இருந்துக்கீறான் இல்ல?"

"இருந்திருப்பாரு" என்றாள் ஸ்டெல்லா.

"அவன் பேரு உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. ஆண்டவருக்கு தெரியும். அந்த பூச அவனுக்குப் போய் சேந்துக்கும். மெழுகுவத்தியும்தான்."

"உயிரோட இருந்தாருன்னா?"

"அட்வான்ஸா வெச்சிக்கட்டும்."

ஸ்டெல்லா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான். அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார், குழந்தைக்குத் துடைப்பது போல. "பொய் சொல்லாத. இனிமே என்கிட்ட சொல்லாத. இன்னா?"

அப்போது சேவியர் கறிவேப்பிலையோடு உள்ளே வந்தான். அம்மா சொன்னார்: "பொண்ணுக்கு அப்பா இல்லடா."

"அது தெரிஞ்சதுதானம்மா."

"எப்பவுமே இல்லியாம்."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி. சாப்புட்டு போவாங்க இல்ல?" என்று கறிவேப்பிலையை நீட்டினான்.

பொங்கல் கழித்துக் கல்யாணம். பத்திரிகையில் பெண் வீட்டுக்காரர் என்று யார் பெயரைப் போடுவது என்று கேட்டார் லூர்தம்மாள். எங்கள் பெயர் என்றேன். நீங்கள் இந்து ஆச்சே என்றார். பிறகு அவரே, "பரவால்ல, சமைக்க வந்துடு" என்றார்.

ஒரு முள்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நவம்பர் 5, திங்கள்

வெயில் கொஞ்சம். தண்ணீர் வடிந்து பஸ் நிறுத்தத்தில் சேறு.

மதியம். ரா.அக்கா சுற்றி வளைக்காமல், "இன்னிக்கி சாவறாரா?" என்றாள். இல்லை என்றேன்.

ஜெயசீலன் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார். சைக்கிளைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தார். கால் கழுவினார். மெர்சி காபி கொண்டு வந்தாள். குடித்தார். வேறொன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அவ்வளவுதான் கதை. திட்டுவார்கள் என்று பார்த்தேன். ரா.அக்கா கருவாட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகு ஸ்டெல்லா மட்டும்: "அக்கா, அப்பாவுக்கு சக்கர நெறய வேணுமா?"

நிறைய என்றேன்.