சம்பந்தியின் ஆங்கிலப் பெயர்

சம்பந்தி,

இன்று காலை மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய்களைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முதல்நாள் மழையில் நனைந்த கட்டுகள், வெயில் ஏற ஏற மணத்தன. கத்தரிக்காய் வாங்கப் போனவன் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். "பாத்தியளே, என்ரை பேரைக் கட்டுக் கட்டா விக்கிறாங்கள்" என்று நீங்கள் ஒருமுறை இதே இடத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. தனியே நின்று சிரித்தேன். கடைக்காரப் பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்து, மெதுவாக "பொன்ஜூர்" என்றாள்.

ஹேவர்ட் என்ற உங்கள் குடும்பப் பெயரின் முற்பகுதியான 'ஹே' ஆங்கிலத்தில் வைக்கோலைத்தான் குறிக்கிறது என்று அப்போது இருவருமே நம்பியிருந்தோம். உங்கள் பாட்டனாரின் பாட்டனார் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த பிள்ளை. கடல் கடந்த ஊரில் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்க, ஞானஸ்நானத்தில் அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தப் பெயரால் மொன்றியலில் நீங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் மருத்துவரிடம் உங்களோடு துணைக்கு வந்திருந்தேன். தாதி கதவடியில் வந்து, ஹேவர்ட் என்பதைப் பிரெஞ்சாக்கி, "மெஸ்யூ எவார்" என்று கூப்பிட்டாள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். அவள் உங்களைத் தாண்டி, மூலையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்து இன்னொருமுறை கூப்பிட்டாள். நீங்கள் அந்தக் கிழவரிடம் போய், "வாருங்கள், இருவருமாகவே உள்ளே போவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அந்த அறையே சிரித்தது.

ஆனால் நான் அந்தப் பெயரை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் நிலா பிறந்தபோதுதான் என் மனதில் கிடந்தது வெளியே வந்தது. பிறப்பைப் பதியும் படிவத்தில் பிள்ளையின் குடும்பப் பெயரை எழுத வேண்டும். தாயின் பெயர், தகப்பனின் பெயர், அல்லது இரண்டும். கனடாவில் என் மகளுக்கும் எனக்கும் என் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். அஹுன்ட்சிக்கில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"எங்கடை பிள்ளைக்கு ஏன் வெள்ளைக்காரன்ரை பேர்? என்ரை அப்பான்ரை பேர் இருக்கட்டும். கந்தையா எண்டு போடுங்கோ."

உங்கள் மகனின் முகம் சிவந்தது. என் மகள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நீங்கள் மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"சம்பந்தி, அது ஆரின்ரை பேர் எண்டு எனக்கும் அறிய ஆசைதான். வாங்கோ, ரெண்டுபேரும் தேடுவம். பேந்து முடிவெடுப்பம்."

கோபத்தோடு வந்தவனைக் கூட்டாளியாக்கிவிட்டீர்கள். அடுத்த நாளே உங்கள் பழைய தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்த ஹேவர்ட்கள் எல்லோருக்கும் அடிக்கத் தொடங்கினீர்கள். சிலர் எடுக்கவில்லை. ஒருவர் நீங்கள் ஏதோ விற்க வந்தவர் என்று எண்ணி வைத்துவிட்டார். கடைசியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த ஒரு மூதாட்டி எடுத்தார். அவர் ஓய்வுபெற்ற நூலகர். ஒரு ஹேவர்ட் தேடி வருகிறார் என்றதும், வியாழக்கிழமை தேநீருக்கு வரச் சொன்னார்.

மெட்ரோவில் போய், பிறகு பஸ்ஸில் மொன்றியல் தீவின் மேற்கு முனை வரைக்கும் போனோம். நீங்கள் கோட் போட்டுக் கழுத்தில் ரை கட்டியிருந்தீர்கள். கதவைத் திறந்த அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களில் யார் ஹேவர்ட்?"

"நான்தான்" என்றீர்கள்.

"நான் இன்னும் உயரமான ஒருவரை எதிர்பார்த்தேன்" என்று சொல்லி, உள்ளே வரச் சொல்லிக் கையைக் கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கணத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

வைக்கோல் கதையைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். எல்லோரும் விடுகிற பிழை அது என்றார். பழைய ஆங்கிலத்தில் அந்த முற்பகுதிக்கு வேலி என்று பொருளாம், பிற்பகுதி காவல்காரன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிராமத்துக்கு ஒரு ஹேவர்ட் இருந்தாராம். வேலியில் மாடு நுழையும் பொட்டு, ஓட்டை விழாமல் பார்ப்பதும், பயிரை மேயவரும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைப்பதும் அவருடைய வேலை. தொழிலின் பெயர் பிறகு குடும்பத்தின் பெயராகிவிட்டது.

நீங்கள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். அம்மையார் பயந்துபோய் என்னைப் பார்த்தார். உங்கள் அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு வேலி வழக்குப் பேசியே பாதி ஆயுளைக் கழித்தவர் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. வேலியைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

"அப்படியானால் சரியான ஆளிடம்தான் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது" என்றார் அவர்.

உங்கள் முன்னோரைப் படிப்பித்த ஹேவர்ட் யாராக இருக்கும் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல முடியாது என்றார். ஊருக்கு ஊர் வேலிக்காவல் இருந்ததால், ஒன்றோடொன்று உறவே இல்லாத எத்தனையோ ஹேவர்ட் குடும்பங்கள் இருந்தனவாம். "என் அடுத்த தெருவில் இன்னொரு ஹேவர்ட் இருந்தார். நீங்கள் எனக்கு எவ்வளவு சொந்தமோ, அவரும் அவ்வளவுதான்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அந்த மிஷன் பள்ளிக்கூடப் பெடியனுக்கு முதல் ஒரு பேர் இருந்திருக்கும் என்ன? அதைச் சொல்லிக் கூப்பிட்ட தாயும் இருந்திருப்பா. அதைத்தான் தேட வழியில்லை."

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"பேத்திக்குக் கந்தையா எண்டே வையுங்கோ, சம்பந்தி. ஒரு பேர் துலையிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். உங்கடை அப்பான்ரையாவது இருக்கட்டும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து தலைமுறையாக உங்கள் வீட்டில் பிறந்தவர்கள் சுமந்த பெயரை, ஒரு சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரனுடையது என்று சொல்லியிருந்தேன். "அது உங்கடை பேர். பிள்ளைக்கு அதுவும் வேணும்" என்றேன். அதற்கு நீங்கள் மறுக்க, நான் விடாமல் நிற்க, விட்டுக்கொடுப்பதிலேயே சண்டை பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தோம்.

என் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்பா, நாங்கள் போன கிழமையே அனுப்பிப்போட்டம். கந்தையா ஹேவர்ட் எண்டு ரெண்டும் போட்டாச்சு."

"அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டுபேரும் ஒண்டாத் திரிஞ்சு சந்தோசமா இருந்தியள். ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டம்."

அன்று நீங்கள் மறுபடியும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நம் வியாழக்கிழமைகள் எல்லாம் அலைச்சல்தான். பெயரைத் தேடுவது முடிந்த பிறகும் பஸ் ஏறுவது நிற்கவில்லை.

போன பங்குனியில் உங்களைத் தேவாலயத்தில் கிடத்தியிருந்தபோது அந்த அம்மையார் தடியூன்றி வந்தார். பின்வரிசையைக் காட்டிய இளைஞனிடம், "நான் ஹேவர்ட்" என்று மட்டும் சொன்னார். முன்வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை என் கையை விடவில்லை. அன்று நான் அழுததெல்லாம் அப்போதுதான்.

இந்த நகரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தும், உங்களைச் சந்திக்கும்வரை நான் தெரியாத ஒருவரிடம் வாய் திறந்தவனல்ல. பேசும் பிரெஞ்சு பிழையாகிவிடும் என்ற பயம். இப்போது ஆளைக் கண்டால் பெயரைக் கேட்கிறேன். பெயரைச் சொன்னால் பொருளைக் கேட்கிறேன். பிழைத்தால் பிழைக்கட்டும்.

முந்தநாள் மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவரின் வேலைச்சட்டையில் மூனியே என்று பெயர் தைத்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். மா அரைக்கும் ஆலைக்காரன் என்றார். தன் பாட்டனார்வரைக்கும் அந்தத் தொழில்தான் என்றும், ஆற்றங்கரையில் ஆலை இருந்த இடத்தைச் சிறுவயதில் பார்த்திருப்பதாகவும் சொன்னார். இதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லையாம். நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. கதவு திறந்து மூடியது. அவர் இன்னும் ஆலைச் சில்லு தண்ணீரில் சுழல்வதைக் கையால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.