கழுவாத விரல்

சித்தப்பா,

உங்கள் துண்டு இன்று காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அனுப்பிய பார்சலில் சுக்கு, ஓமம், பிள்ளைக்கு மை டப்பி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு சுருட்டி வைத்திருந்தது. அம்மா அதைத் துவைக்கவில்லை. அவித்த நெல்லின் வாடையும் பீடி வாடையும் கிளம்பி, குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிற இந்த ஸ்காட்லாந்து வீட்டுக் கூடத்தில் நீங்களே வந்து நின்றது போலிருந்தது. என் ஐந்து வயது மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான். துண்டைப் பிரித்தால் உள்ளே வெள்ளிச் சங்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. அதன் ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடக்கிறது. நசுக்கியவர் நீங்கள்தான்.

எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். பெண். நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. புதுவயல் அரிசி மில்லில் லாரியைப் பின்னால் எடுத்து மூட்டை அடுக்கைச் சரித்துவிட்ட டிரைவரின் சட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே, தலையில் நரம்பு வெடித்து விழுந்தீர்களாம். விழும்போதும் பிடியை விடவில்லையாம். அவனும் உங்களோடு சேர்ந்து தரையில் விழுந்தானாம். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன், விமானம் ஏற முடியாது. போனில் கேட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தும் விட்டேன். கட்டிலில் படுத்து அமைதியாகப் போனீர்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியே இருக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அம்மா தினமும் வீடியோவில் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "ஏத்தா, பிள்ளைக்குச் சேனை யாரு வச்சா?" நானும் தினமும் ஒரே பொய்யைச் சொன்னேன். "அவருதாம்மா வச்சாரு." என் வீட்டுக்காரர் அமைதியான ஆள் என்பதால் அம்மாவுக்கு அதில் நிம்மதி. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறவரின் குணம் அந்தப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நம் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். உண்மையில் யாரும் வைக்கவில்லை. தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று இங்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. என் நாக்கில் யார் சேனை வைத்தார்கள் என்பது எனக்கு மறக்குமா?

நான் பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருந்தது. குன்றக்குடியில் வாத்தியாராக இருந்த பெரியப்பாதான் சேனை வைப்பார், அவர் மாட்டைக்கூட அதட்டாதவர். ஆனால் அம்மாவுக்குப் பத்து நாள் முந்தியே வலி எடுத்துவிட்டது. "வண்டிக்குள்ள பெத்துட்டா யாரு கழுவுறது?" என்று கேட்ட ஆட்டோக்காரன் வாயில் நீங்கள் ஒரு குத்து விட்டீர்கள். அவன் பல் உங்கள் விரலைக் கிழித்தது. ரத்தம் ஒழுகுகிற வாயோடு அவன் ஓட்ட, ரத்தம் ஒழுகுகிற கையோடு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிரட்ட, அம்மா காரைக்குடி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் நான் பிறந்தேன். பெரியப்பா ஏறிய பஸ் இன்னும் வரவில்லை.

"எம்புட்டு நேரம் மதினி புள்ள வாயைப் பொளந்துக்கிட்டே கெடக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் விரலை விட்டீர்கள். "தம்பி, விரலைக் கழுவிட்டாச்சும் வைய்யி!" என்று அம்மா கட்டிலில் கிடந்தபடி அலறினாளாம். அதற்குள் உங்கள் விரல் என் நாக்கில் இருந்தது. நான் சப்புக்கொட்டினேனாம். இந்தக் கதையை நீங்கள் எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்!

அதன்பிறகு நான் எதைச் செய்தாலும் உங்கள் கணக்கில்தான் ஏறியது. ஆறாம் வகுப்பில் என் சடையைப் பிடித்து இழுத்தவளின் முன்பல்லை டிபன் பாக்ஸால் பெயர்த்தேன். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு வந்த நீங்களோ, "எம்புள்ள சும்மா அடிக்காதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டிவந்து பரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள். பதினாறு வயதில் பஸ்ஸில் என் இடுப்பில் கை வைத்தவனைத் தேடிப் பிடித்து, அவன் காது கிழிந்து தொங்கும்வரை அடித்தீர்கள். கும்பல் விலக்கப் பார்த்தது. நான் விலக்கவில்லை. ஒவ்வொரு அடியும் எனக்கு இனித்தது. உங்களுக்கு எழுதும்போது இதையும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் நான் சொல்ல வந்தது சித்தியைப் பற்றி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திக்கு ஏழு மாதம். வரப்போகிற பிள்ளைக்கு என்று நீங்கள் இந்தச் சங்கை ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தீர்கள். பள்ளிக்கூடம் லீவு, நான் உங்கள் வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். மில்லில் இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தீர்கள். உலை அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

"நாளெல்லாம் அரிசி செமக்கிறவனுக்கு ஒரு வாய் சோறு இல்லையாடி?"

"தலை சுத்தலா இருந்துச்சு, படுத்துட்டேன். இந்தா வடிச்சுர்றேன், உக்காருங்க" என்று சித்தி எழுந்தாள். கொண்டையைப் பிடித்து இழுத்தீர்கள். அவள் பக்கவாட்டில் விழுந்தாள். காலைத் தூக்கி மிதித்தீர்கள். ஒரே மிதிதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நெல் மூட்டையை லாரியிலிருந்து போடும்போது கேட்குமே, அது.

அடுத்த நிமிடமே அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினீர்கள். நானும் பின்னால் ஓடிவந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், என்ன நடந்தது என்று. "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள் சித்தி. டாக்டரம்மா நம்பவில்லை. என் பக்கம் குனிந்து, "நீ பார்த்தியா பாப்பா?" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரோடு சுவராக நின்றீர்கள். "ஆமா, சித்தி வழுக்கி விழுந்தாக" என்றேன். நீங்கள் வந்து என் தலையில் கையை வைத்தீர்கள். சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை!

பிள்ளை தங்கவில்லை. வீட்டுக்கு வந்து சங்கைத் தரையில் வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டீர்கள். அப்புறம் அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு மாடு கத்துவது போல் அழுதீர்கள். சித்தி மூன்று மாதம் கழித்து இளையாத்தங்குடிக்குத் தன் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. "ராசியில்லாதவ, விழுந்து பிள்ளையத் தொலைச்சவ" என்று ஊர் அவளைத்தான் பேசியது. உங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

இனி இங்கே நடந்ததைக் கேளுங்கள். மூன்றாவது பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று சொன்னவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. பதினெட்டு மணி நேரம் என்னைக் கிழித்துக்கொண்டு வந்தாள். தையல் காயாமல் வீட்டுக்கு வந்தால், ஐந்து வயதும் மூன்று வயதும் காலைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒத்தாசைக்கு ஆளில்லை. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் இவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் மூத்த இரண்டுக்கும் பால் சூடுபண்ணத் திரும்பிய நேரத்தில் பச்சைப்பிள்ளை வீலென்று கத்தியது. ஓடிப் பார்த்தால் அவள் பாதத்தில் பல் தடம். மகன் கடித்திருக்கிறான்.

என் கை போனது எனக்குத் தெரியாது. சத்தம்தான் முதலில் கேட்டது. அவன் சுழன்று போய்ச் செருப்பு அலமாரி முனையில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு அடிக்கு என் கை மறுபடி மேலே போயிருந்தது சித்தப்பா. அதை நான் பார்த்தேன். என் மூன்று வயது மகள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி மூத்திரம் போய்விட்டாள். அதனால்தான் அந்தக் கை கீழே இறங்கியது.

இரண்டு நாள் கழித்துப் பச்சைப்பிள்ளையை எடை பார்க்க நர்ஸ் வந்தார். இங்கே வீட்டுக்கே வருவார்கள். புருவத்தில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு மகனிடம் என்ன ஆச்சு என்றார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அலமாரி மேல விழுந்துட்டேன்" என்றான். நர்ஸ் சிரித்த முகத்தோடு மகள் பக்கம் குனிந்தார். "நீ பார்த்தாயா, அண்ணன் விழுந்ததை?"

அவள் தலையாட்டினாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு, மேலும் கீழுமாகப் பெரிதாகத் தலையாட்டினாள். அவள் முகத்தில் அந்தப் பெருமையும் இருந்தது.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இந்த நாட்டைப் பற்றி நம்மவர்கள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்திய கதையெல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடியது. ஆனாலும் வாய் திறந்துகொண்டது. "இல்லை. அவன் விழவில்லை. நான்தான் அடித்தேன்" என்றேன்.

நர்ஸ் தராசை மூடிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கேட்டார், எழுதினார். போன வாரம் பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்து பிள்ளைகளிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார்கள். என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியாது. இவர், அமைதியான மனிதர், கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினார். "புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? அவனே விழுந்துட்டேன்னு சொன்ன பெறகு நீ எதுக்கு வாயைத் தொறந்த?"

ஒன்பது வயதில் நான் வாயைத் திறந்திருந்தால் உங்களைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். போயிருக்கட்டும். உங்களை யாராவது ஒருவர் நிறுத்தி, "ஏன்டா மிதிச்ச?" என்று கேட்டிருப்பார்கள். சித்தியின் பேர் கெட்டிருக்காது. நான் காப்பாற்றியது உங்களை அல்ல, சித்தியை மிதித்த அந்தக் காலை. அதற்காக உங்கள் மேலும் ஆத்திரம் வருகிறது, என் மேலும் வருகிறது.

இன்று சங்கும் கையுமாக இருக்கும்போது அம்மா வீடியோவில் வந்தாள். வழக்கம் போல் சேனைக் கேள்வி. என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேனை யாரும் வைக்கவில்லை என்று, மகனை அடித்தேன் என்று, சித்தி அன்று வழுக்கி விழவில்லை என்று.

"ஆஸ்பத்திரியில நான் பாத்தப்ப, கெணத்தடியில விழுந்தவ சேலையில ஈரமே இல்லையேத்தா" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒன் பொய்ய முன்னால விட்டுட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "சேனைய நீயே வையி."

"என் குணம் வந்துரும்மா."

"வரட்டும். ஒஞ் சித்தப்பன் சாகுற வரைக்கும் நாந்தான்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ சொன்னேல்ல."

உங்கள் துண்டைத் துவைக்கப் போடவில்லை. வாடை இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை வருகிறவர்களிடம் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். "சொன்னா ஒன்னையத் திட்டுவாங்களாம்மா?" என்றான். "திட்டட்டும்" என்றேன்.

சங்கை வெந்நீரில் போட்டு எடுத்தேன். சர்க்கரை இல்லை, அதில் என் பாலைத்தான் கொஞ்சம் பீய்ச்சினேன். நசுங்கிய இடத்தில் பால் தேங்கி நின்றது. மகனும் மகளும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். பச்சைப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தாள்.

எழுந்து போய் விரலைக் கழுவினேன் சித்தப்பா. இரண்டு தடவை கழுவினேன். பிறகுதான் வைத்தேன்.